ஐம்பத்தோராவது நாய்

அத்தியாயம் 6

லெவி ரீலின் நாய்ப்பட்டியில் மறுபடியும் ஒரு நாய் அதிகமாக இருந்தது.

டூயி கிரம்பைன் இடமிருந்து வலமாக எண்ணினான். பிறகு வலமிருந்து இடமாக எண்ணினான். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே எண்தான் வந்தது.

"இருபது, பாஸ். பத்தொன்பதுதான் இருக்கணும். கணக்குல நான் வீக்கா, இந்த நாய்ங்க வீக்கானு தெரியல."

"நாய்ங்க பொய் சொல்லாது" என்றாள் லொரெட்டா ஷாங்க்.

"நான் மெத்தைக் கடையில ஏழு வருஷம் வேலை பாத்தவன். என்னைப் பத்தி அப்படிச் சொல்ல முடியாதுதான்."

லொரெட்டா குறிப்பேட்டில் இருபது என்று எழுதினாள். மாநில நாய் வார்டன் அவள்; நாய்ப்பட்டிகளைச் சோதனை போடும் அதிகாரி. ஐம்பத்தெட்டு வயது, ஒத்துழைக்காத இடது முழங்கால், யாரையும் அவசரப்படுத்தாத குரல். அந்த மாவட்டத்தில் அவளுடைய வண்டிச் சத்தத்தை நாய்களைவிட நாய்ப்பட்டிக்காரர்கள் முதலில் கண்டுகொள்வார்கள். டூயி அவளுக்கு உதவியாளன். அவளுக்குப் பின்னால் பை தூக்கிக்கொண்டு போவதும், அவள் கேட்காத கேள்விகளைக் கேட்பதும் அவனுக்கு வேலை. முதல் வேலைக்குத்தான் சம்பளம்.

விவகாரம் இதுதான். லெவியின் லைசென்ஸ், வருஷத்துக்கு ஐம்பது நாய் வரைக்கும். விற்றுவிட்ட குட்டிகளும் அந்தக் கணக்கில் சேரும். இந்த வருஷம் முப்பத்தொரு குட்டிகள் விற்றாகிவிட்டது. கொட்டகையில் பெரிய நாய்கள் பத்தொன்பது. ஆக ஐம்பது. அதோடு அவன் நிறுத்திக்கொண்டான். இருபதாவதாக ஒன்று கொட்டகைக்குள் நின்று வாலை ஆட்டினால் அதுதான் ஐம்பத்தோராவது நாய். ஐம்பத்தொன்று என்றால் வேறு வகை லைசென்ஸ். அது இல்லாமல் நடத்தினால் முதன்முதலில் பிடிபட்ட தேதியிலிருந்து நாளொன்றுக்கு ஐந்நூறு டாலர் அபராதம்.

அதுவும் சிவில் அபராதம். அதில் கைவிலங்கு இல்லை, ஜெயில் இல்லை, கறுப்பு அங்கி போட்ட நீதிபதி இல்லை. தபால்காரர் ஒருவர் போதும். ஒப்புக்கொள்ளாதவர்கள் பத்து நாளைக்குள் விசாரணை கேட்கலாம். ஆனால் லெவி ஆமிஷ்காரன்; கார், மின்சாரம் எதுவும் வேண்டாம் என்று பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவு. அவனுடைய ஆட்கள் வழக்கு, விசாரணை என்று படியேற மாட்டார்கள். கன்னத்தில் அடித்த கைக்கே கோட்டு மாட்டிவிட்டு அனுப்பும் ரகம். அபராதத்துக்கு அதைவிட வாகான ஆள் கிடைக்காது என்று டூயி நினைத்தான்.

இதற்கு முன் இரண்டு முறை சோதனை போட்டபோதும் இருபது நாய். இடையில் ஒருநாள், வழியில் எட்டிப் பார்த்தபோது பத்தொன்பது. இன்று காலை மறுபடியும் அலுவலகத்துக்கு ஒரு பெண் போன் செய்திருக்கிறாள். "ரீல் வீட்டுக்கு இன்னிக்கே போங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பெயர் சொல்லவில்லை. முதல் இரண்டு முறையும் அதே குரல்தான்.

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் டூயி. "பக்கத்து வயல்காரன் கர்ட் எபர்சோல். மூணு பண்ணைய வாங்கி கிடங்கு கட்டிட்டான். நடுவுல இது ஒண்ணுதான் பாக்கி. பொண்டாட்டிய விட்டு போன் பண்ண வெச்சு, ராத்திரியோட ராத்திரியா ஒரு நாயைக் கொண்டு வந்து போட்டுட்டான்."

"எபர்சோல் பொண்டாட்டி போன வருஷமே புளோரிடாவுக்குப் போயிட்டா. வேற ஒருத்தனோட."

டூயி அந்தச் சந்தேகத்தை மரியாதையாக மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

எதிர்ப்புறத்தில் டீசல் எஞ்சினில் ஓடும் தன் வெல்டிங் கடையிலிருந்து லெவி வந்தான். நாற்பது வயது இருக்கும். வைக்கோல் தொப்பி, நெஞ்சு வரை தாடி, கண் ஓரங்களில் கரிப்பொடி. ஆமிஷ்காரர்கள் வீட்டில் பேசும், டச்சு என்று ஊரில் சொல்லும் ஜெர்மன் வழக்கிலேயே லொரெட்டா நலம் விசாரித்தாள். அவளுடைய அம்மா வழியில் எல்லோரும் மென்னோனைட்டுகள், ஆமிஷ்காரர்களுக்குப் பங்காளிப் பிரிவு. அந்த மொழி அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. பிறகு டூயிக்காக ஆங்கிலத்துக்கு மாறினாள்.

"லெவி, கடைசிக் கூண்டுல நிக்குதே அந்தத் தேன் நிற நாய், அது யாரோடது?"

லெவி யோசித்தான். "நான் வாங்கல."

"அதை நான் கேக்கல."

"விக்கவும் போறதில்ல."

"எப்படி வந்துச்சு?"

லெவி தொப்பியைக் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்தான். பதில் அங்கே எழுதியிருக்கும் போலிருக்கிறது. "நீங்க வர்ற அன்னிக்கு வருது" என்றான் கடைசியில். "நீங்க போனதும் போயிடுது."

"அப்ப அது எங்க டிபார்ட்மென்ட் நாய்தான்" என்றான் டூயி. "பென்ஷன் உண்டான்னு விசாரிச்சுச் சொல்றேன்."

லெவி சிரிக்கவில்லை. லொரெட்டா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து கூண்டுகளைப் பார்த்து, "கும் ஹா" என்றாள். டச்சில், இங்கே வா என்று அர்த்தம்.

பத்தொன்பது நாய்களும் கம்பியில் மூக்கை இடித்துக்கொண்டு வந்து நின்றன. தேன் நிறத்து நாய் மட்டும் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல நின்ற இடத்தில் நின்றது.

"டூயி, நீ இங்கிலீஷ்ல எதாவது சொல்லு."

"என்ன சொல்றது?"

"நாய்கிட்ட என்ன சொல்லுவாங்களோ அதை."

"உட்காரும்மா" என்றான் டூயி ஆங்கிலத்தில். தேன் நிறத்து நாய் உடனே உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு நில்லாமல் முன்னங்காலைத் தூக்கி நீட்டியது. டூயி கம்பி வழியாக அதைப் பிடித்துக் குலுக்கினான். "பள்ளிக்கூடம் போன பொண்ணு, பாஸ்."

அந்த நேரம் அவனுடைய போன் 'பீப், பீப், பீப்' என்று அடித்தது. ரத்த அழுத்த மாத்திரை போட வேண்டிய நேரம். ஆமிஷ் வீட்டுக் கொட்டகையில் அந்தச் சத்தத்தைக் கேட்ட பத்தொன்பது நாய்களும் நாலு பக்கமும் சிதறி மூலையில் பதுங்கின. இருபதாவது நாய் ஓடி வந்து கூண்டு வாசலில் உட்கார்ந்து, அவன் முகத்தை அண்ணாந்து பார்த்து எச்சில் விட்டது.

"இதுக்கு என்ன வந்துச்சு?"

"மைக்ரோவேவ் அடுப்பு அடிக்கிற சத்தம் அது" என்றாள் லொரெட்டா. "அந்தச் சத்தம் கேட்டா தனக்கும் ஒரு பங்கு வரும்னு இந்த நாய்க்குத் தெரிஞ்சிருக்கு. லெவி, உன் வீட்ல மைக்ரோவேவ் இருக்கா?"

மின்சாரக் கம்பியே வராத வீட்டைப் பார்த்து லெவி கையைக் காட்டினான்.

வீட்டுப் பக்கமிருந்து அவன் மனைவி மலிண்டா ஒரு தட்டில் காபியும் வெல்லப்பாகு வைத்துச் சுட்ட பலகாரமும் கொண்டுவந்தாள். வெள்ளைத் தொப்பி, நீல உடை, கறுப்பு ஏப்ரன். சிவந்து வெடித்த கைகள். அவளைக் கண்டதும் இருபது நாய்களும் ஒரே நேரத்தில் கத்தின. அவள் வரிசையாக ஒவ்வொரு கூண்டையும் பார்த்துக்கொண்டே நடந்துவந்து, கடைசிக் கூண்டு வந்ததும் லொரெட்டா பக்கம் திரும்பித் தட்டை நீட்டினாள்.

"அபராதக் கடிதம் இந்த வாரம் வந்துடும்" என்றாள் லொரெட்டா. "நாளொன்றுக்கு ஐந்நூறு."

"நாளொன்றுக்கா?" என்றாள் மலிண்டா.

"முதல் சோதனையிலேர்ந்து. தினமும்."

தட்டு சாய்ந்தது. டூயி ஒரு துண்டுப் பலகாரத்தைக் கீழே விழாமல் பிடித்துக் காப்பாற்றி, காப்பாற்றியதை நியாயமாகவே தின்றான்.

"ஒரு தடவை எழுதி அனுப்பி நிறுத்தச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன்" என்றாள் மலிண்டா, யாரையும் பார்க்காமல்.

 லெவி கரி படிந்த விரலால் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இந்த நாயை ஊர் சுத்துற நாய்னு பதிஞ்சு நான் கொண்டு போறேன்" என்றாள் லொரெட்டா. "ஆட்சேபணை உண்டா?"

லெவி இல்லை என்று தலையாட்டினான். மலிண்டாதான் ஓரடி முன்னால் வந்தாள். "எங்க கொண்டு போறீங்க? சாயங்காலத்துக்குள்ள விட்டுடுவீங்களா?"

"ஏன், அதுக்கு வேற ஏதாவது ஜோலி இருக்கா?" என்றான் டூயி.

அவள் முகம் சிவந்தது. "சாப்பாடு போடுவீங்களான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, மீதிப் பலகாரத்தை அவனிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

வண்டிக் கதவைத் திறந்ததும் அடுத்த வேடிக்கை நடந்தது. நாய் வண்டியின் பின்பக்கக் கூண்டுக்குள் ஏறவில்லை. முன்பக்கம் தாவி, டூயியின் இருக்கையில் ஏறி, பெல்ட் எப்போது போடுவீர்கள் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தது.

"பாஸ், இது குதிரை வண்டியில வளர்ந்த நாய் இல்ல."

"பின்னாடி உட்காரு" என்றாள் லொரெட்டா.

"நாயையா?"

"உன்னை."

*

ஊருக்குள் வந்தார்கள். லொரெட்டா வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினாள். உரக்கடை வந்தது, நாய் தூங்குவதுபோல் இருந்தது. தீயணைப்பு நிலையம் வந்தது, கொட்டாவி விட்டது. பின்னிருக்கையில் கூண்டுக்கும் தீவனப் பைக்கும் நடுவே மடங்கிக் கிடந்த டூயி, "இது சாட்சி சொல்ற மாதிரி தெரியல, பாஸ். வக்கீல் வேணும்னு கேக்கும் போல" என்றான்.

வங்கி வந்தது.

நாய் எழுந்து நின்றது. முன்னங்கால்கள் இரண்டையும் ஜன்னல் கண்ணாடியில் வைத்தது. வாய் திறந்து, குரலே வராமல் உடம்பு முழுவதும் ஆடியது. வங்கியின் பக்கவாட்டில், வண்டியிலிருந்து இறங்காமலே பணம் போட்டு எடுக்கும் பாதை இருந்தது. அந்தப் பாதையைப் பார்த்துத்தான் அந்த ஆட்டம்.

"வங்கிக் கணக்கு வெச்சிருக்கு" என்றான் டூயி. "என்கிட்டகூட அவ்வளவு உற்சாகம் கிடையாது. அதுக்குக் காரணம் என் கணக்கோட இருப்புதான்."

லொரெட்டா வண்டியைத் திருப்பி அந்தப் பாதைக்குள் விட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் மைக்கில் "வணக்கம்" என்று ஆரம்பித்தவள், நாயைப் பார்த்ததும் வணக்கத்தைப் பாதியில் விட்டாள்.

"நட்மெக் செல்லம். எங்கடி ஆளையே காணோம் இந்த வாரம்?"

பணம் அனுப்பும் காற்றுக் குழாய் வழியாக 'உஸ்' என்று ஒரு டப்பா வந்து விழுந்தது. உள்ளே எலும்பு வடிவத்தில் இரண்டு பிஸ்கட். நட்மெக் அதைக் கடித்துத் தின்ற வேகத்தைப் பார்த்த டூயி, ஜன்னல் பக்கம் எட்டி, "எனக்கும் இங்க ஒரு கணக்கு திறக்கணும்" என்றான்.

"இவளோட அம்மா எங்க?" என்றாள் லொரெட்டா மைக்கை நோக்கி.

"திருமதி டிரிம்மரா? வீட்லதான் இருப்பாங்க. சர்ச் ரோட்ல, சிவப்புக் கதவு. நீங்க அவங்களுக்குச் சொந்தமா?"

"இன்னிக்கு ஒருநாள் மட்டும்" என்றாள் லொரெட்டா.

சர்ச் ரோட்டில் சிவப்புக் கதவு ஒன்றுதான் இருந்தது. அதற்கு முன்னால் இருந்த புல்வெளியில் பெரிதாக ஒரு பலகை நட்டிருந்தார்கள்: 'குட்டிகளை வாங்காதீர்கள். அனாதை நாயைத் தத்தெடுங்கள்.'

டூயி அதை வாசித்தான். வாசித்து முடித்ததும் கைகளைத் தேய்த்துக்கொண்டான். "கேஸ் முடிஞ்சுது, பாஸ். நாய் வியாபாரிங்கனா இந்தம்மாவுக்கு ஆகாது. தன் நாயைக் கொண்டுபோய் அவன் கொட்டகையில விட வேண்டியது. போன் போட வேண்டியது. நாம ஓடிப் போய் எண்ண வேண்டியது. ரெண்டு பக்கமும் செலவு அரசாங்கத்தோடது. நல்ல மூளை."

"இருக்கலாம்."

"இருக்கலாம்னு நீங்க சொன்னா இல்லைன்னு அர்த்தம். அது எனக்குத் தெரியும். ஆனா ஏன்னு தெரியாது."

"இந்தம்மா அந்தக் கொட்டகைக்குள்ள எப்படிப் போச்சு? மோப்பம் பிடிச்சுப் பத்தொன்பது நாயும் கத்துமே. எதிர்ப்பக்கம் லெவி கடையில இருக்கான். ஆமிஷ் இல்லாத ஒரு பொம்பளை காரை நிறுத்தி இறங்கி நாயைக் கூண்டுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போற வரைக்கும் அவன் என்ன, ஜெபம் பண்ணிட்டிருந்தானா?"

டூயி கைகளைத் தேய்ப்பதை நிறுத்தினான்.

கதவைத் திறந்த திருமதி டிரிம்மருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூடத்தில் வயலின் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அதனால் எதைச் சொன்னாலும் இடது கை விரல்கள் காற்றில் தந்தியை அழுத்தின. நட்மெக் அந்த அம்மாளின் மேல் தாவி ஏறியது. அவர் நாயைக் கொஞ்சினார், பிறகு வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"மலிண்டா எங்க? சாயங்காலம்தானே கொண்டு வர்றேன்னு சொன்னா. நாயை மட்டும் உங்ககிட்டக் கொடுத்து அனுப்பிட்டாளா?"

டூயி வாயைத் திறந்தான். அவன் தயாராக வைத்திருந்த வசனத்துக்கும் இந்தக் கேள்விக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. வாயை மூடிக்கொண்டான்.

"எந்த மலிண்டா?" என்றாள் லொரெட்டா. அவள் குரலில் ஆச்சரியம் இல்லை.

"மலிண்டா ரீல். நல்ல பொண்ணு. வாரம் ரெண்டு நாள் வந்து வீடு துடைச்சுத் தர்றா. நட்மெக் வீட்லயே அடைஞ்சு கிடக்கே, எப்பவாச்சும் பண்ணைக் காத்து வாங்கட்டும், நான் கூட்டிட்டுப் போய்ட்டு சாயங்காலம் வாடகை வேன்ல கொண்டு வந்து விடறேன்னு அவளேதான் கேட்டா. துணிக்கூடையில வெச்சு, மேல ஒரு டவலைப் போட்டு, குழந்தை மாதிரி தூக்கிட்டுப் போவா. ஏன், ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. அவங்க வீட்ல போன் கிடையாதே. உங்க போன்ல பேசுவாங்களோ?"

"சமையக்கட்டுல இருக்கறதுல பேசுவா. ரெண்டு மூணு தடவை பேசியிருக்கா. இன்னிக்குக் காலைல கூட. நாலு வார்த்தைதான். பாவம், ரொம்பக் கூச்சம்."

வண்டியில் ஏறிய பிறகு, இரண்டு தெரு தாண்டும் வரை டூயி பேசவில்லை. லொரெட்டாவுடன் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இதுதான் அவனுடைய மிக நீண்ட மௌனம்.

"சொந்தப் புருஷன் மேல" என்றான் கடைசியில். "சொந்தப் புருஷன் மேலயே புகார் கொடுத்து, அதுக்கு ஆதாரத்தையும் டவல் போட்டு மூடி எடுத்துட்டு வந்திருக்கா. உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"அவ காபி கொண்டு வந்தாளே, அப்ப. பத்தொன்பது கூண்டையும் ஒண்ணு விடாமப் பாத்தா. இருபதாவதைப் பாக்கல. உன் வீட்டுக்குள்ள தெரியாத நாய் ஒண்ணு வந்து நின்னா நீ முதல்ல எதைப் பாப்ப?"

"அந்த நாயைத்தான்."

"தெரிஞ்ச நாயா இருந்தா?"

டூயி சீட்டில் சாய்ந்துகொண்டான். "பாக்காத மாதிரி பாத்துக்குவேன்" என்றான்.

*

மலிண்டா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வண்டி வருவதைப் பார்த்ததும் காயப்போடுவதை நிறுத்தினாள். வண்டிக்குள் நாய் இல்லை என்பதைப் பார்த்ததும் கையிலிருந்த ஈரச் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டாள். சட்டையின் தண்ணீர் அவள் உடையில் இறங்கியது.

"திருமதி டிரிம்மர்கிட்ட விட்டுட்டோம்" என்றாள் லொரெட்டா. "பத்திரமா இருக்கு."

மலிண்டா எதையும் மறுக்கவில்லை. "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். "அவங்க மேல எதையும் எழுதிடாதீங்க."

"எதுக்கும்மா இப்படிப் பண்ணினீங்க?" டூயிதான் கேட்டான். கேலியாகக் கேட்கத்தான் நினைத்தான். குரல் அப்படி வரவில்லை.

அவள் கொட்டகைப் பக்கம் திரும்பினாள். "மூணாவது கூண்டுல ஒருத்தி இருக்கா. ஏழு தடவை குட்டி போட்டுட்டா. ஒவ்வொரு தடவையும் குட்டிங்களைக் காருக்காரங்க தூக்கிட்டுப் போன பிறகு, அதுங்க படுத்திருந்த பலகையை நக்கிக்கிட்டே இருப்பா. ரெண்டு நாள், மூணு நாள். பலகை வெள்ளையாகற வரைக்கும். லெவிக்கு அது தெரியாது. அவன் கடையில இருப்பான். இதுங்களுக்குச் சோறு வெக்கறது, கழுவறது, ராத்திரி பிரசவம் பாக்கறது, செத்ததைப் புதைக்கிறது எல்லாம் நான். இது போதும்னு மூணு தடவை சொன்னேன். கொட்டகைக் கடன் தீரட்டும்னான். கடன் தீர்ந்துச்சு. கூரை மாத்தணும்னான்."

"அதுக்கு?"

"ஒரு நாய் கூடுதலா இருந்தா நிறுத்தச் சொல்லி எழுதுவாங்கன்னு கடையில ஒருத்தர் பேசிட்டிருந்ததைக் கேட்டேன். அரசாங்கம் சொன்னா லெவி கேப்பான்னு நினைச்சேன். தினம் தினம் ஏறும்னு எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது." சத்தியம் செய்வதே பாவம் என்று நினைக்கும் சபைக்காரி அவள். சொன்ன பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் பின்னால் லெவி நிற்பதை டூயி பார்த்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. காயப்போட்ட போர்வைக்கு அந்தப் பக்கம் அவனுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்துகொண்டிருந்திருக்கிறது.

மலிண்டாவும் திரும்பினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இனி என்ன கூத்து நடக்கப்போகிறதோ என்று டூயி ஓரடி பின்னால் வைத்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான் லெவி.

"என்ன தெரியும்?"

"அந்த நாய் மேல உன் துணிக்கூடை வாசம் அடிச்சுது. முதல் தடவையே."

லொரெட்டா அன்றைக்கு முதல் முறையாக ஆச்சரியப்பட்டாள். அது அவளுடைய ஒரு புருவத்தில் மட்டும் தெரிந்தது. "அப்ப காலைல நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"நான் பொய் சொல்லல. வாங்கலன்னேன். வாங்கல. விக்கப் போறதில்லன்னேன். விக்கல. நீங்க வர்ற அன்னிக்கு வருதுன்னேன்."

"எல்லாம் உண்மை" என்றான் டூயி. "அத்தனை உண்மையையும் வரிசையா நிக்க வெச்சுக்கூட ஒரு பதில் வரல."

"எப்படி வந்துச்சுன்னு சொன்னா அபராதத்துல அவ பேரை எழுதுவீங்க" என்றான் லெவி. பிறகு மலிண்டாவைப் பார்த்தான். "நானே கட்டிடலாம்னு இருந்தேன். வெல்டிங் மெஷினுக்கு ஆள் பாத்துட்டேன். வர்ற திங்கள் எடுத்துட்டுப் போறேன்னு சொல்லியிருக்கான்."

மலிண்டா துணிக்கூடையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். கூடை ஒரு பக்கமாக நசுங்கியது. "அந்த மெஷினையா?" என்றாள். "உங்கப்பாவும் நீயுமா சேந்து வாங்கின மெஷினையா?"

"வேற விக்கறதுக்கு என்ன இருக்கு?"

 கம்பியில் துணிகள் மட்டும் அடித்துக்கொண்டன.

"ஒரு சந்தேகம்" என்றான் டூயி. பேசாமல் இருப்பது அவனுக்கு உடம்புக்கு ஆகாது. "ராத்திரி சாப்பாட்டுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே மேஜையிலதான் உக்காருவீங்களா?"

லெவி ஆமாம் என்று தலையாட்டினான்.

"இவங்க இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம். நடுவுல உப்பு டப்பா. அந்த உப்பு டப்பாவைத் தாண்டி ஒரு வார்த்தை போய்ச் சேர்றதுக்கு மாநில அரசாங்கம் பெட்ரோல் போட்டு மூணு தடவை வண்டி எடுத்துட்டு வரணும். எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு அதுக்குத்தான் சம்பளம்."

மலிண்டாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்று டூயி பயந்தான். இல்லை, சிரிப்பு. அவளுக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது, ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்" என்றான் லெவி அவளிடம்.

"மூணு தடவை சொன்னேன், லெவி. நாலாவது தடவைக்குத்தான் அரசாங்கத்தைக் கூப்பிட்டேன்."

லெவி தொப்பியைக் கழற்றினான். இந்த முறை உள்ளே பார்க்கவில்லை.

லொரெட்டா வண்டியின் முன்பக்கத்தில் சாய்ந்து முழங்காலுக்கு ஓய்வு கொடுத்தாள். "இப்ப என் பங்கைச் சொல்லிடறேன். விருந்துக்கு வந்த நாயும் நாய்தான். கூண்டுக்குள்ள நின்னா கணக்குல வரும். யார் கொண்டு வந்தாங்கன்னு சட்டம் கேக்காது. அதனால தப்பு நடக்கலன்னு நான் எழுத முடியாது."

"எழுத வேண்டாம்" என்றான் லெவி.

"இன்னும் முடிக்கல. இந்த அபராதம் பணம் வசூல் பண்றதுக்குனு எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க. பணம் வேணும்னா அரசாங்கத்துக்கு வேற வழி இருக்கு. பேச வராத ஆளை மேஜைக்கு வர வைக்கறதுக்குத்தான் இது. நடந்ததை நடந்தபடி நான் மேல எழுதறேன். நீ ரெண்டுல ஒண்ணு செய்யலாம். பெரிய லைசென்ஸ் வாங்கி, அதுக்கு வேண்டியபடி கூண்டெல்லாம் மாத்தி, தொடர்ந்து நடத்தலாம். இல்ல, நானே மூடிக்கறேன்னு ஒப்பந்தம் போடலாம். ரெண்டுல எதைப் பண்ணினாலும் இதுவரைக்கும் ஏறின அபராதத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேப்பேன். சாதாரணமா கேட்டதைக் கொடுப்பாங்க. ஒப்பந்தத்தை மீறினா மட்டும் மொத்தமா வந்து விழும்."

"இன்னிக்கே சொல்லணுமா?"

"இல்ல. ஆனா நான் ரோட்டுக்குப் போற வரைக்கும் வேற யார்கிட்டயாவது கேட்டுக்கணும்னா கேட்டுக்கலாம்."

அந்த 'வேற யார்' துணிக்கூடையில் உட்கார்ந்திருந்தாள். லெவி அவளிடம் கேட்டான். டச்சில் கேட்டான். டூயிக்குப் புரியவில்லை. லொரெட்டாவுக்குப் புரிந்தது, ஆனால் அவள் மரியாதைக்காக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலிண்டா ஒரே வரியில் பதில் சொன்னாள். லெவி இன்னொன்று கேட்டான். அதற்கும் பதில் சொன்னாள்.

"மூடிக்கறோம்" என்றான் லெவி லொரெட்டாவிடம். "தாய் நாய்ங்களை விக்கமாட்டேன். வெச்சுப் பாத்துக்கற வீடா பாத்துக் கொடுக்கணும். சிவப்புக் கதவு வீட்டம்மாவுக்கு அப்படிப்பட்ட ஆளுங்களைத் தெரியும்னு மலிண்டா சொல்றா."

"கொட்டகையை என்ன பண்ணுவீங்க?" என்றான் டூயி.

லெவி மனைவியைப் பார்த்தான்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றாள் மலிண்டா. "கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும்."

நாய்கள் கத்த ஆரம்பித்தன. சாப்பாட்டு நேரம். மலிண்டா பழக்கத்தில் எழுந்தாள். லெவி அவளுக்கு முன்னால் நடந்து, சுவரோரம் இருந்த தீவன வாளியை எடுத்தான். எடுத்துக்கொண்டு நின்றான். சொந்தக் கொட்டகையின் வாசலில், முதல் நாள் வேலைக்கு வந்தவனைப்போல.

"எதுக்கு எவ்வளவு?" என்றான்.

"உனக்குப் பேரே தெரியாதே" என்றாள் மலிண்டா.

"தெரியாது."

"வா."

இருவரும் உள்ளே போனார்கள். டூயி ஏறியதும் லொரெட்டா வண்டியைக் கிளப்பாமல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். கொட்டகைக்குள்ளிருந்து மலிண்டாவின் குரல் ஒரு பெயரைச் சொன்னது. லெவியின் குரல் அதைத் திருப்பிச் சொன்னது. அடுத்த பெயர். அதையும் திருப்பிச் சொன்னான். மூன்றாவது கூண்டின் முன்னால் மலிண்டாவின் குரல் சற்று நேரம் நின்றது. பிறகு ஒரு பெயர் வந்தது. லெவி அதை இரண்டு முறை சொன்னான்.

லொரெட்டா உதவியாளனைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள்.

"வண்டியை எடுங்க, பாஸ்" என்றான் டூயி. "அவங்க எண்ணிக்கட்டும்."